மாப்பலகைச் சுவர்

தம்பிக்குச் சுகமாகிவிட்டது, வீட்டுக்கு அனுப்பப் போகிறோம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தபோது குணேஸ்வரிக்கு முதலில் வந்தது சந்தோசந்தான். அடுத்ததாக வந்ததை அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஆனந்தராசா அவளுக்கு ஒரே தம்பி. தோப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தவன் இருபத்தாறு வயதில் இரத்தமாக இருமினான். சயரோகம் என்றார்கள். ஈச்சிலம்பற்றில் அவன் தங்கியிருந்த மாமா வீட்டில் அன்றைக்கே அவனுடைய பாயையும் தலையணையையும் வளவுக்குள் இழுத்துப்போட்டுக் கொளுத்தினார்கள். அவன் தேத்தண்ணி குடிக்கிற கோப்பையை உடைத்துப் புதைத்தார்கள். பிறகு யாழ்ப்பாணப் பக்கம் ஒரு சயரோக ஆஸ்பத்திரியில் இரண்டரை வருசம் கிடந்தான். இப்போது ஆறு மாதமாகச் சளியில் கிருமி இல்லை, காற்றோட்டமான தனி அறையாக இருந்தால் நல்லது என்று டாக்குத்தர் எழுதியிருந்தார். தாய் தகப்பன் இல்லை. மாமா வீட்டுப் படியை இனி அவன் மிதிக்கமாட்டான். வருவதென்றால் திருக்கோணமலைக்கு, அக்கா வீட்டுக்குத்தான் வரவேண்டும்.

அக்கா வீடு உட்துறைமுக வீதிக்குப் பின்னால் ஓர் ஒழுங்கையில் இருந்தது. நீட்டுக்கு ஒரு ஹோல், அதற்குப் பக்கத்தில் ஓர் அறை, பின்னால் குசினி. அவ்வளவுதான். மூத்தவளுக்கு ஐந்து வயது. சின்னவனுக்கு இன்னும் இரண்டு முடியவில்லை.

பின்னேரம் கந்தோரால் வந்த புருசன் சோமசேகரம் சேட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்து கடிதத்தை வாசித்தார். அவர் தபால் கந்தோரில் தந்தி அடிப்பவர். வீட்டிலும் சொல்லை எண்ணித்தான் பேசுவார்.

“வரட்டும்” என்றார்.

“ஓம், வரட்டும். ஆனால் சுவரில்லாமல் வரக்கூடாது” என்றாள் குணேஸ்வரி.

வாயை விட்டுப் போன பிறகுதான் அந்தப் பேச்சு அவளுடைய காதிலேயே விழுந்தது. தாய் செத்தபோது எட்டு வயதுப் பொடியனாக இருந்தவனை இடுப்பில் வைக்காத குறையாக வளர்த்தவள் அவள். பாயைக் கொளுத்தின மாமியை இரண்டரை வருசமாக வாய்க்கு வந்தபடி திட்டினவளும் அவள்தான். சோமசேகரம் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. அதுவே அவளுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது.

வாடகை வீட்டில் கல்லுச் சுவர் எழுப்ப வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். பலகை அடிக்கலாம், நாளைக்குக் கழற்றலாம் என்றால் ஓம் என்றார். வெள்ளைக்கார நேவிக்காரர் கப்பலேறிப் போய் இரண்டு வருசம் ஆகியும் துறைமுகத்தில் பழைய சாமான் ஏலம் ஓயாத காலம் அது. கட்டில், தண்ணீர்க் கூசா, கயிறு, கழற்றின கட்டடம் என்று மாதத்துக்கு ஒருமுறை மணி அடிப்பார்கள். சோமசேகரமும் ஒரு சனிக்கிழமை போய், மாட்டு வண்டி நிறையப் பலகையோடு வந்து இறங்கினார்.

பலகையென்றால் மரப்பலகையல்ல. எட்டடி நீளம், நாலடி அகலம், அரை அங்குலத் தடிப்பு. இரண்டு பக்கமும் தடித்த கடுதாசி ஒட்டியிருந்தது. வண்டிக்காரன் இறக்கும்போது ஒன்றின் மூலை நொறுங்கி உள்ளேயிருந்து வெள்ளை மா கொட்டியது.

“இதென்ன, மாப்பலகையே?” என்றாள் குணேஸ்வரி.

“பிளாஸ்டர் போர்ட்” என்றார் சோமசேகரம். “வெள்ளைக்கார ஒஃபிசர்மார் இதுக்குள்ளைதான் இருந்தவங்கள். அவங்கள் இருந்ததுக்குள்ளை தம்பி ராசா இருக்கமாட்டானே?”

கருவியென்று அவர் பிடித்துப் பழகியது தந்திக் கட்டையைத்தான். பக்கத்து வீட்டில் ஒரு சுத்தியலும் வாளும் இரவல் வாங்கினார். ஏலத்தில் கிடைத்த சட்டங்களையும் ஒரு பழைய கதவையும் ஹோலுக்குக் குறுக்கே நிறுத்தி, ஒருமாதிரி ஒரு கூடு அடித்துவிட்டார். அதுவரைக்கும் எல்லாம் சரி. பலகையைத் தூக்கின பிறகுதான் கூத்துத் தொடங்கியது. வாளால் அறுத்தால் வீடெல்லாம் வெள்ளைப் புழுதி. நீட்டு ஆணியை ஓங்கி அடித்தால் தலை கடுதாசியைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விடும். பலகை ஆணியை விட்டுக் கழன்று முன்னால் சாயும். மேல் பலகையை அவர் தலையால் தாங்கிக்கொண்டு, “ஆணியைத் தாரும், ஆணியைத் தாரும்” என்று கத்த, அவள் ஆணி டின்னைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடிவர, பலகை அவர் தலையிலேயே இரண்டாக முறிந்தது. தலைமயிர், மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. மூத்தவள் “அப்பா கிழவனாயிட்டார்” என்று கைகொட்டினாள். குணேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. தான் எதற்காக இந்தச் சுவரைக் கேட்டோம் என்ற நினைப்பு வந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

அடுத்த வாரம், நிறுத்தின பலகைகளின் அடியெல்லாம் ஊறிப் பிட்டுப் போலாயிற்று. சீமெந்து நிலத்தில் முட்ட நிறுத்தி வைத்திருந்தார்; அவள் வீடு கழுவின தண்ணீர் அத்தனையையும் அது குடித்துவிட்டது. பொருத்துகளில் அப்பின சுண்ணாம்பும் வெடித்து விழுந்தது. தம்பி வர ஒன்பது நாள்தான் இருந்தது. அப்போதுதான் சோமசேகரம் தன்னுடைய ரோசத்தை விட்டு ஜமாலியாவுக்குப் போய் ஸெய்னுதீன் ஓடாவியாரைக் கூட்டிவந்தார்.

ஸெய்னுதீன் நேவி டொக்யார்டில் பதினாறு வருசம் தச்சுவேலை செய்தவர். சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

“ஐயா, இத மரமெண்டு நெனச்சா வேலை செஞ்சீங்க?” என்றார். “இது மரமில்ல, பிஸ்கட்டு. பிஸ்கட்டுக்கு யாராவது வாள் வெப்பாங்களா?”

ஒரு பழைய சவரக்கத்தியை எடுத்தார். கோலை வைத்துக் கடுதாசியை ஒரே கீறல் கீறினார். பலகையைத் தொடையில் வைத்து அமர்த்த, கோட்டோடு நேராக முறிந்தது. பின்பக்கத்துக் கடுதாசியை அறுத்துவிட்டார். புழுதியே இல்லை. சோமசேகரம் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். ஆணியைத் தலை கடுதாசியில் மெல்லக் குழிவிழும் மட்டுந்தான் அடிக்கவேண்டும், கடுதாசி கிழிந்தால் அந்த ஆணி இருந்தும் இல்லாததுதான் என்று காட்டினார். நிலத்திலிருந்து அரை அங்குலம் உயர்த்தி, கீழே மரத்துண்டு வைத்து, பிறகு ஒரு சட்டத்தால் அந்த இடைவெளியை மூடச் சொன்னார். பொருத்துகளுக்குச் சுண்ணாம்பு சரிவராதாம். ஆஸ்பத்திரியில் முறிந்த எலும்புக்குக் குழைத்துக் கட்டுகிறார்களே, அந்த மா ஒரு டின் அவரிடம் இருந்தது. அதைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, பண்டேஜ் துணியை மேலே வைத்து அமர்த்தி, அதன்மேல் இன்னொரு பூச்சு.

“காஞ்ச பொறகு மண்கடுதாசி போட்டுத் தேய்ங்க. தேய்க்கக்குள்ள மூக்குக்குத் துணி கட்டுங்க. மறந்திராதீங்க” என்றார்.

அவர் ஒரு நாள் நின்று வழிகாட்டினார். மிச்சத்தைப் புருசனும் பெண்சாதியுமாகச் செய்தார்கள். சோமசேகரம் கந்தோரால் வந்ததும் பலகை பிடிப்பார், அவள் ஆணி அடிப்பாள். குழி விழும் அளவுக்கு அடித்து நிறுத்துவது அவளுடைய கைக்குத்தான் நன்றாக வந்தது. வேலைநேரம் அவளுக்கு மனம் லேசாக இருந்தது. சுத்தியலைக் கீழே வைத்தவுடன் திரும்பவும் பாரம்.

ஆனந்தராசா வந்த அன்று கடைசிப் பொருத்து இன்னும் ஈரமாக இருந்தது. வவுனியாவில் பஸ் மாறி வந்தவன் தகரப்பெட்டியோடு வாசலில் நின்றான். உடம்பு கொஞ்சம் வைத்திருந்தது. முகத்தில் பழைய சிரிப்பு இருந்தது. பிள்ளைகளைக் கண்டதும் அவனாகவே இரண்டடி பின்னுக்குப் போனான். குணேஸ்வரிக்கு அது நெஞ்சில் குத்தியது.

“உனக்கு வசதியா இருக்கட்டும் எண்டுதான் தம்பி இந்த அறை” என்றாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்று அவளுக்கே விளங்கியது.

அவன் சுவரைப் பார்த்தான். கையால் தடவினான். “ஓம் அக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். சாப்பிட்ட சோற்றுக் கோப்பையைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்ப்பான். பிறகு கதவு சாத்திவிடும். நாள் முழுக்க உள்ளேயே இருப்பான். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக்கூடாதென்று அவள் சொல்லியிருந்தாள். சொன்ன குரல் அவனுக்கும் கேட்டிருக்கும். அரை அங்குலப் பலகைதானே. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அரிசி புடைக்கிறபோது, அந்தப் பக்கம் அவன் புத்தகத்தில் ஒற்றை புரட்டுகிற சத்தம் கேட்கும். கோபித்துக்கொண்டு இருக்கிறான், என்னைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வாள்.

இரண்டாவது வாரம் அவன் இருமத் தொடங்கினான்.

முதல் நாள் இரண்டு மூன்று தரம். அடுத்த நாள் விட்டுவிட்டுப் பகல் முழுவதும். குணேஸ்வரி கையிலிருந்ததை வைத்துவிட்டு, சுவரோடு காதை வைத்து ஒவ்வொரு இருமலையும் கேட்டாள். “டாக்குத்தரிட்டைக் காட்டுவமே?” என்று கதவடியில் நின்று கேட்டதற்கு, “ஒண்டுமில்லை அக்கா, தொண்டை காஞ்சுபோச்சு” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. பிள்ளைகளை மற்ற அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். சோமசேகரம் கந்தோருக்குப் போய்விட்டார். அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது ஹோல் பக்கம் ஏதோ சரிகிற சத்தம், அடுத்த கணமே சுவர் உடைகிற சத்தம். ஓடிவந்து பார்த்தால், அவள் ஆணி அடித்த பலகையில் ஒரு பெரிய ஓட்டை. ஓட்டைக்குள்ளால் தம்பியின் முழங்கையும் தோளும் தெரிந்தன.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஆனந்தராசா நிலத்தில் சுருண்டு கிடந்து இருமினான். வாயிலிருந்து நாடிவரைக்கும் இரத்தம். சேட்டில் இரத்தம். வெள்ளை மா படிந்த நிலத்திலும் சிவப்பாகச் சொட்டிக்கிடந்தது. அவன் அவளைப் பார்த்து, கிட்ட வரவேண்டாம் என்று கையைக் காட்டினான். அவன் கண்ணிலும் அதே பயந்தான்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. அவன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது. சின்னவன் தவழ்ந்தும் நடந்தும் வந்து வாசற்படியில் நின்று அழுதான். அவனைப் போகச் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை. மூத்தவளைப் பக்கத்து வீட்டுக்கு ஓடவிட்டு, அவர்களைக்கொண்டு ஒரு கார் பிடித்து, பிள்ளைகளை அவர்களிடம் விட்டுவிட்டு, தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள். செய்தி கேட்டு சோமசேகரமும் தந்தி மேசையைப் பக்கத்தில் இருந்தவரிடம் விட்டுவிட்டு அங்கே வந்து சேர்ந்தார்.

டாக்குத்தர் வாயைத் திறந்து பார்த்தார். முன்பல் ஒன்று பாதி முறிந்து, உதடு உள்பக்கமாகக் கிழிந்திருந்தது. “விழுந்தனீரோ?” என்று கேட்டார். ஆனந்தராசா தலையாட்டினான். இரத்தம் அதிலிருந்து வந்திருக்கலாம். ஆனால் மூன்று நாளாக இருமல், பழைய சயரோக வருத்தக்காரன். தையல் போட்டு, எக்ஸ்றே எடுத்து, சோதிக்கச் சளியும் வாங்கிக்கொண்டு, முடிவுக்கு வெள்ளிக்கிழமை வாருங்கள் என்று அனுப்பினார்.

அன்று செவ்வாய். அந்த மூன்று நாளும் குணேஸ்வரிக்கு நீண்டுகொண்டே போயின. அவனால் வாயைத் திறந்து பேச ஏலாது. அவள் கஞ்சி காய்ச்சிக் கரண்டியால் பருக்கினாள். பிள்ளைகளை மறிக்கவேண்டுமென்றும் இருந்தது, மறிக்கக் கூச்சமாகவும் இருந்தது. சுவரில் ஓட்டை அப்படியே கிடந்தது. அதைக் காணும்போதெல்லாம் அவளுக்குச் சுவர்மேல்தான் ஆத்திரம் வந்தது. இந்தச் சுவரைக் கேட்டிராவிட்டால் இந்த வருத்தம் திரும்பியிராது என்று, ஒரு நியாயமும் இல்லாமல், மனது சொல்லிக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்குத்தர் எக்ஸ்றே படத்தை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு நின்றார். குணேஸ்வரிக்கு அந்தக் கறுப்புப் படத்தில் ஒன்றும் விளங்கவில்லை. டாக்குத்தருடைய முகத்தையே பார்த்தாள்.

“பழைய தழும்புதான். புதுசா ஒண்டுமில்லை. சளியும் நல்ல சளி” என்றார் அவர். “ஆனால் இந்த இருமல் ஏன் வந்தது? புழுதிக்குள்ளை ஏதும் வேலை செய்தனீரோ?”

ஆனந்தராசா நிலத்தைப் பார்த்தான். தையல் போட்ட வாயால் மெல்லமெல்லச் சொன்னான். அத்தானும் அக்காவும் பூசின பொருத்துகள் மேடும் பள்ளமுமாகக் கிடந்தனவாம். மிச்சமிருந்த மண்கடுதாசியை எடுத்து, அக்கா குசினியில் நிற்கிற நேரமாகப் பார்த்து, அவர்களுக்குத் தெரியாமல், ஒவ்வொன்றாகத் தேய்த்திருக்கிறான். கதவையும் யன்னலையும் சாத்திக்கொண்டு. மூக்குக்குத் துணியும் கட்டாமல். செவ்வாய்க்கிழமை மேல் பொருத்தைத் தேய்க்க ஸ்டூலில் ஏறி, அது சரிந்து, யன்னல் கட்டையில் வாய் அடிபட, சுவரையும் உடைத்துக்கொண்டு விழுந்திருக்கிறான்.

“பிளாஸ்டர்மா” என்று டாக்குத்தர் தலையில் கைவைத்தார். “சயரோகம் மாறி வந்தவன் தின்னுற சாமானே அது? துணி கட்டிக்கொண்டு என்ன வேலையும் செய்யும். மாதம் ஒருக்கால் வந்து காட்டும். போம்.”

வெளியே வந்ததும் குணேஸ்வரி ஆஸ்பத்திரி வாசலில் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே குந்திக்கொண்டாள். நாலு நாளாக விழுங்கி வைத்திருந்ததெல்லாம் கண்ணால் வந்தது. சோமசேகரம் பக்கத்தில் நின்று குடையைப் பிடித்தார். வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

வீட்டுக்கு வந்து, தம்பி தன் அறைக்குள் போனதும், அவள் புருசனைக் குசினிப் பக்கம் இழுத்தாள்.

“இஞ்சருங்கோ, அந்தச் சுவரைக் கழட்டுவம்.”

“ஏன்?”

“எனக்குப் பார்க்க ஏலாது. என்ரை தம்பியை நான்தான் ஒதுக்கி வைச்சனான். மாமி பாயைக் கொளுத்தினா, நான் சுவர் கட்டினன். என்ன வித்தியாசம்?”

சோமசேகரம் பதில் சொல்ல முன்னம், ஓட்டைக்குள்ளால் ஒரு குரல் வந்தது.

“அக்கா, சுவரிலை கை வையாதேங்கோ.”

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஆனந்தராசா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். உதடு வீங்கி ஒரு பக்கம் கோணியிருந்தது.

“கேட்டுக்கொண்டே நிண்டனீ?”

“கேளாமல் என்ன செய்யிறது, ஓட்டையெல்லோ” என்றான். பிறகு ஹோலுக்கு வந்து அவளுக்கு முன்னால் நின்றான். “அக்கா, ஏன் கட்டினனீங்கள் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். பிள்ளையள் இருக்கிற வீடு. நானெண்டாலும் கட்டித்தான் இருப்பன். அதுக்கு நான் கோபிக்கேல்லை.”

“அப்ப ஏன் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தனீ? ஒரு கதை இல்லை, பேச்சில்லை.”

அவன் கொஞ்சம் வெட்கப்பட்டான்.

“ஆஸ்பத்திரியிலை நாப்பது கட்டில் அக்கா. இரண்டரை வருசம். நான் இருமினால் முப்பத்தொன்பது பேர் திரும்பிப் பார்ப்பினம். அவை இருமினால் நான் எண்ணுவன். அழுறதெண்டாலும் ஆக்களுக்கு முன்னாலைதான். பக்கத்துக் கட்டில்காரன் செத்தால் அடுத்த நாளே அந்தக் கட்டிலிலை வேறை ஆள்.” நிறுத்தி, கையால் உதட்டைத் தொட்டுக்கொண்டான். “இஞ்சை வந்து உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்தினன். ஒருத்தரும் என்னைப் பார்க்கேல்லை. ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தன். அண்டைக்குத்தான் எனக்குச் சுகம் வந்ததெண்டு நினைச்சனான். இந்தச் சுவர் எனக்குப் பிடிச்சுப்போச்சு. அதாலைதான் தேய்ச்சனான், வடிவா இருக்கட்டும் எண்டு.”

இத்தனை நாளாகக் குணேஸ்வரியின் நெஞ்சுக்குள் கட்டியாக இருந்தது என்னவென்று தெரியாமலே கரைந்து போயிற்று. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

“விசரா” என்றாள். “சொல்லியிருக்கலாமெல்லே!”

“நீங்கள் அந்தப் பக்கம் நிண்டு பெருமூச்சு விடேக்கை எப்பிடிச் சொல்லுறது?”

சோமசேகரம் முதல் தடவையாகச் சத்தம் போட்டுச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாக ஓட்டையை அடைத்தார்கள். யன்னல்களை அகலத் திறந்துவைத்து, ஆளுக்கொரு ஈரத் துணி மூக்கில் கட்டிக்கொண்டார்கள். கிழிந்துகிடந்த ஓட்டையைச் சோமசேகரம் சவரக்கத்தியால் நேர்ச்சதுரமாக வெட்டினார். பிஸ்கட்டுக்கு வாள் வைக்கக்கூடாதென்று இப்போது அவர் மற்றவர்களுக்குப் படிப்பிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். ஓட்டைக்குப் பின்னால் மேலும் கீழுமாக இரண்டு சட்டத் துண்டுகளை வைத்து ஆணியடித்தார்கள். ஒட்டுத் துண்டை ஆனந்தராசா அளந்து கீறி முறித்தான். அது இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது; வாத்தியார் கணக்கு என்று சோமசேகரம் மெச்சினார். ஆணி அடித்தது குணேஸ்வரி. நாலு பக்கமும் பண்டேஜ் துணி வைத்து மாவைக் குழைத்துப் பூசினதும் அவளே. மா சீக்கிரம் இறுகிவிடும். கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் இழுக்கவேண்டும். ரொட்டிக்கு மாப் பிசைந்த கைக்கு அது பெரிய காரியமில்லை.

நடுவில் சின்னவன் வந்து மாமனுடைய காலைக் கட்டிக்கொண்டான். ஆனந்தராசா அசையாமல் அக்காவைப் பார்த்தான்.

“தூக்கன்” என்றாள் அவள், மா பூசுகிற கரண்டியை இறக்காமலே. “மாக் கை. கழுவிப்போட்டுத் தூக்கு.”

பூச்சுக் காய்ந்து, தேய்த்து, வெள்ளையடித்தபோது ஒட்டுப் போட்ட இடம் எதென்று கண்டுபிடிக்க ஏலாமல் இருந்தது. ஒரு பின்னேரம் அந்தப் பக்கம் வந்த ஸெய்னுதீன் ஓடாவியார் சுவரைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார். “ஐயா, இது நீங்க செஞ்சதில்ல” என்றார். சோமசேகரம் கோபிக்கவில்லை.

அடுத்த மாதம் டாக்குத்தர் பார்த்துவிட்டு, இனி எல்லாரையும் போல இருக்கலாம், தை மாதம் படிப்பிக்கவும் போகலாம் என்று சொன்னார். அன்று மத்தியானம் பிள்ளைகள் உட்பட எல்லாரும் ஒன்றாக இருந்து சோறும் பாரை மீன் குழம்பும் சாப்பிட்டார்கள். கோப்பைகளையெல்லாம் குணேஸ்வரி ஒரே கூடைக்குள் போட்டுக் கழுவினாள்.

சாப்பிட்டதும் மூத்தவளும் சின்னவனும் மாமனுடைய அறைக்குள் புகுந்து கட்டிலில் துள்ளத் தொடங்கினார்கள். அரை மணித்தியாலம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஆனந்தராசா கதவால் தலையை நீட்டினான்.

“அத்தான், இந்தக் கதவுக்கு உள்பக்கமா ஒரு கொண்டி போடுவமே?”

சோமசேகரம் கதிரையை விட்டு எழும்பி, சுத்தியல் எங்கே என்று பெண்சாதியைக் கேட்டார்.

“நீங்கள் இருங்கோ” என்றாள் குணேஸ்வரி. “நான் போடுறன்.”